நாய்க்குக் கீழே ஒரு பெயர்

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் தமிழர் வீடென்றால், வீட்டிலிருப்பவர்களின் பட்டியலைப் பொலிஸில் பதிந்து, முத்திரை குத்திய பிரதியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். நாங்கள் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். யாராவது வந்து தங்கினால் உடனே போய்ச் சேர்க்க வேண்டும். கீழ்மாடிக்காரர்கள் ஒரு மைத்துனரைச் சேர்க்க மறந்து மூன்று நாள் அலைந்தார்கள். அதன் பிறகு நான் எதையும் மறப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

எங்கள் பின்னறைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் வாடகைக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது. தொண்டு செய்வதற்காகக் கடல் கடந்து வந்திருந்தாள். காலையில் இரத்மலானையில், காப்பாற்றிக் கொண்டுவந்த தெருநாய்களைக் குளிப்பாட்டுவாள். பின்னேரத்தில் கொட்டாஞ்சேனையில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் இல்லத்துக்குப் போய்ப் பல் தீட்டப் பழக்குவாள். அவளுக்கு முன் வந்த தொண்டர்களும் பல் தீட்டத்தான் பழக்கியிருந்தார்கள். பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷை முதல் தடவை பார்ப்பது போலவே வாங்கிக்கொண்டார்கள்.

வந்த மறுநாளே அவள் மூன்று கால் நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு கிழமைக்குத்தான் என்றாள். ஆங்கிலத்தில் எனக்கு ‘இல்லை’ என்று சொல்லத் தெரியும். அதற்குப் பிறகு என்ன சொல்வதென்றுதான் தெரியாது.

அன்றைக்கே பதினொரு மாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போய் அந்தப் பெண்ணைப் பட்டியலில் சேர்த்தேன். வாசல்வரை வந்த பிறகு ஒரு யோசனை. நாயைப் பற்றிக் கேட்டால்? திரும்பிப் போனேன்.

“நோனா, பல்லாத்?” என்றார் சார்ஜன்ட். அம்மா, நாயுமா என்று அர்த்தம். பிறகு பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டு அதை அவர்களுக்கும் சொன்னார். ஆனாலும் எழுதினார். ஐந்தாம் இலக்கம், நாய், ஆண். உறவு என்ற இடத்தில் ஒரு கோடு. முத்திரை.

மூன்று கால் நாயின் செய்தி இல்லத்துக்கு எட்டிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் ஓரிரவு தங்கலாம் என்று வெள்ளைக்காரப் பெண் இல்லப் பொறுப்பாளரான மேற்றனிடம் பேசி அனுமதி வாங்கினாள். பதினான்கு பிள்ளைகளுக்கும் சீட்டுப் போட்டார்கள். மேற்றன் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“பொலிஸ் பிரச்சினை ஒண்டும் வரக்கூடாது, மிஸிஸ். வந்தா இதோட சரி. பிறகு ஒரு பிள்ளையையும் வெளிய விடமாட்டன்.”

முதற் சீட்டு, வடக்கிலிருந்து வந்த ஏழு வயதுச் சிறுமிக்கு விழுந்தது. சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். நான் பட்டியலையும் கைப்பையையும் எடுத்தேன்.

“எங்கயப்பா போறீர்?” என்றார் கணவர்.

“ஸ்ரேஷனுக்கு. பிள்ளையைச் சேர்க்க.”

“நாயைப் பதிஞ்ச மனிசி திரும்ப வந்திட்டா எண்டு சிரிக்கப் போறாங்கள். ஓரிரவுதானே, இரும்.”

இருந்தேன். பொலிஸுக்கு வருடக்கணக்காகப் பயந்தவள் நான். அன்றைக்கு அவர்களுடைய சிரிப்புக்கு அதைவிடக் கூடப் பயந்துவிட்டேன்.

சிறுமி நாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“மற்றக் கால் எங்க, அன்ரி?”

“பஸ் அடிச்சதாம்.”

“ஷெல் வெடிச்சு இல்லையோ?”

“இல்லை, பஸ்.”

“அப்ப பரவாயில்லை” என்றாள்.

ஞாயிறு விடிய ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். வீட்டுச் சோதனைக்கு இரண்டு ஆமிக்காரரும் அதே சார்ஜன்டும். நான் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பும்போது சிறுமி எழுந்து, செருப்பைப் போட்டு, பையைத் தோளில் மாட்டி, சுவரோடு நின்றாள். நாயையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். எங்கள் வீட்டில் அவளுக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சார்ஜன்ட் பட்டியலைப் பார்த்து எண்ணினார். சிறுமியைக் காட்டி, “மே கௌத?” என்று கேட்டார். இது யார்?

மேற்றனின் குரல் என் காதில் கேட்டது. “மகே துவ” என்றேன். என் மகள். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவருக்கு நான் சொன்ன முதற் பொய் அது.

அவர் பட்டியலில் மகளின் வயதைப் பார்த்தார். என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். சிறுமியையும் பார்த்தார். “நல்லா வளர்ந்திருக்கு” என்றார், தமிழில். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்குள் வெள்ளைக்காரப் பெண் இல்லத்தின் கடிதத்தோடு ஓடிவந்து, முழு உண்மையையும் தெளிவான ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். அவளுடைய நாட்டில் அது உதவும்போலும்.

“நாயைப் பதிய வந்தீங்க. பிள்ளையைப் பதிய வரல்ல” என்றார் சார்ஜன்ட்.

ஒன்பது மணிக்குப் பொலிஸில் இருந்தோம். சார்ஜன்ட் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். அத்தோடு மேற்றனுக்கும் விஷயம் போய்விட்டது. பிறகு ஆறாம் இலக்கத்தில் சிறுமியின் பெயரை எழுதினார். உறவு என்ற இடத்தில் கோடு போடப் பேனையை வைத்தார்.

“கோடு வேண்டாம்” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உறவினர் என்று சிங்களத்தில் எழுதி முத்திரை குத்தினார்.

பின்னேரம் சிறுமியைக் கொட்டாஞ்சேனையில் விட்டோம். மேற்றன் சொன்னபடி செய்தார். மிச்சம் பதின்மூன்று சீட்டுகளும் அவரது மேசை லாச்சிக்குள் போயின. பிள்ளைகள் சிறுமியைச் சூழ்ந்து நின்று நாயின் காலைப் பற்றி விசாரித்தார்கள். “பஸ்” என்று அவள் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு நித்திரை இல்லை. பட்டியலில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் பிழை. பட்டியலில் உள்ள ஆள் வீட்டில் இல்லாவிட்டால் அதைவிடப் பிழை. எங்கே போனார், எதற்குப் போனார் என்று தொடங்கும். போய்ப் பெயரை வெட்டுவித்திருக்கலாம். கணவரும் அதைத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை பட்டியலை எடுத்துக்கொண்டு அதற்குத்தான் புறப்பட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் கொட்டாஞ்சேனையில், இல்லத்தடியில் இறங்கினேன்.

“பேர் இருக்கிற ஆள் வீட்டில நிக்காட்டிக் கேள்வி வரும், மேற்றன். சனி ஞாயிறெண்டாலும் நிக்கவேணும்.”

மேற்றன் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தார். ஐந்தாம் இலக்கத்தில் கொஞ்சம் நின்றார்.

“கிழமை நாளில வந்து கேட்டா?”

“பள்ளிக்கூடம் எண்டு சொல்லுவன்.”

“விடிய ஆறு மணிக்கோ?”

மேற்றன் கடிதத்தாளை எடுத்து, பிள்ளை கிழமை நாளில் இல்லத்தில், சனி ஞாயிறில் எங்கள் வீட்டில் என்று எழுதத் தொடங்கினார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளைக் கூட்டிவரப் போகும்போது மற்றப் பிள்ளைகள் விறாந்தையில் நிற்பார்கள். நான் பிஸ்கற் கொண்டுபோவேன். அந்த முதற் சனிக்கிழமை மத்தியானம் நான் பொலிஸுக்குப் போயிருந்தால் பதினான்கு பேரும் முறைக்கு முறை வந்திருப்பார்கள். பிஸ்கற்றை அவர்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரப் பெண் ஊருக்குப் போனாள். நாய் எங்களோடேயே நின்றுவிட்டது. ஒரு சனிக்கிழமை சிறுமி தொலைபேசிக்குப் பக்கத்திலிருந்த பட்டியலை எடுத்து, தன் பெயர் எது என்று கேட்டாள். காட்டினேன்.

“மேல இருக்கிறது ஆர்?”

“நாய்.”

“நாய்க்குக் கீழயோ நான்?”

“வந்த ஒழுங்கிலதான் எழுதினது.”

பட்டியலை இருந்த இடத்தில் வைத்தாள். “ஓம், அதுதானே முதல் வந்தது” என்று சொல்லிவிட்டு நாய்க்குச் சோறு வைக்கப் போனாள்.