ராத்தாவுக்காக நான் சொன்ன "வேண்டாம்"

மூன்று வருடங்களுக்கு முன்பு, நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த கிழமை, எங்கள் ராத்தாவைக் கூட்டிக்கொண்டு கல்முனையிலிருந்து வெகு தூரத்தில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராத்தா என் மூத்த சகோதரி. மார்பில் புற்றுநோய். கட்டியை வெட்டி எடுத்து, மருந்தும் ஏற்றி முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது கதிர்ச் சிகிச்சை. எங்கள் பக்கத்தில் அதைக் கரண்ட் பிடிப்பது என்பார்கள். கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் ஐந்து கிழமை.

ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், கத்தாரில் இருந்தார். ராத்தாவின் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என் மனைவிக்குக் கைக்குழந்தை. ஆகவே துணைக்குப் போக நான்தான் மிச்சம். புடவைக் கடை வைத்திருப்பவன், சரக்கெடுக்கப் போய் வந்ததில் சிங்களம் நன்றாகக் கதைப்பேன். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று வீட்டில் என்னைத்தான் காட்டுவார்கள். அந்த வாயால் வந்த வினைதான் இது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் ராத்தா உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு தாதி படிவமொன்றோடு வெளியே வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வாங்கில் உட்கார்ந்திருந்த என்னிடம் சிங்களத்தில் விளக்கினார். கரண்ட் பிடிக்கும் இடத்தில் தோல் வெந்துபோவதுண்டு, கறுத்த தோலில் அந்தச் சிவப்பு சீக்கிரம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் தோலின் சூட்டைப் படமெடுக்கும் கமரா ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம் என்றார். கிழமைக்கு ஒரு தடவை, தொடாமல், எட்ட நின்று எடுப்பார்களாம். அறையில் பெண்கள் மட்டுமே இருப்பார்களாம். புண் வருமுன்பே அது காட்டிக்கொடுக்கலாம், ஆனால் விருப்பமென்றால் மட்டும்தான் என்றார்.

படம் என்ற சொல் விழுந்த பிறகு மற்றதெல்லாம் என் காதில் ஏறவில்லை. சட்டையில்லாத என் ராத்தாவின் படம் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில். எங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் சம்மதிக்கமாட்டார்கள் என்றேன். நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் என்றார் தாதி. கேட்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் படிவத்தை மடித்துக்கொண்டு போனார். உண்மையைச் சொல்வதென்றால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கூடப்பிறந்தவளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா? ராத்தாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கிழமைக்கு ஒரு நாள் டொக்டர் பார்ப்பார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று மொழிபெயர்ப்பேன். எரிவு ஏதும் உண்டா என்று அவர் கேட்பதை நான் தமிழில் கேட்பேன். "ஒண்டுமில்ல தம்பி, அல்ஹம்துலில்லாஹ்" என்பார் ராத்தா. அதை நான் சிங்களத்தில் சொல்வேன். கொஞ்சம் கறுத்திருக்கிறது, அது வழக்கம்தான் என்பார் டொக்டர்.

மூன்றாம் கிழமையில் ராத்தா சோற்றைப் பாதியில் வைத்தார். ஒருநாள் அசர் தொழும்போது பார்த்தேன். தக்பீருக்கு இரண்டு கையையும் உயர்த்தவேண்டும், வலது கை மட்டும்தான் மேலே போனது. இடது பக்கம் ஒபரேஷன் செய்தது, அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் கிழமை தாதி ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். மார்புக்குக் கீழே மடிப்பிலும் அக்குளிலும் தோல் வெடித்து, உள்ளுடுப்பின் துணி ஒட்டிப்பிடித்திருந்ததாம். அதை நனைத்து எடுத்தபோது திரைக்கு அந்தப் பக்கமிருந்து "உம்மா" என்று ஒரேயொரு தடவை கேட்டது. எங்களைப் பெற்ற உம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பன்னிரண்டு வருடம். புண் ஆறும்வரை சிகிச்சையை நிறுத்தவேண்டும் என்றார்கள். பத்து நாள் நின்றது.

அன்று பின்னேரம் அறையில், "ஏன் ராத்தா சொல்லல்ல?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "டொக்டர் கேக்கிறதெல்லாம் உன்ட வாயாலதானேடா வருது. எந்த இடம் எரியுது எண்டு உன்னட்ட நான் எப்பிடிச் சொல்லுற?"

கமராக் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மறுநாள் ராத்தா தானே தாதியைக் கூப்பிடச் சொல்லி, தமிழில் கையெழுத்து வைத்தார். படம் எடுத்த பிறகு, எனக்கும் அதைக் காட்டும்படி சைகை செய்தாராம். தாதி என்னை உள்ளே அழைத்துக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். நீலமும் பச்சையும், நடுவில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு. அது ஒரு பெண்ணின் உடம்பு என்று சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

"புயல் வருகுது எண்டு டீவியில காட்டுற படம் மாதிரி இருக்கு. இதில என்ட முகமே இல்லயே" என்றார் ராத்தா. பிறகு மெதுவாக, "என்னட்டக் கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பன் தம்பி" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவேயில்லை.

புண் ஆறியது, மிச்சச் சிகிச்சையும் முடிந்தது. அடுத்த வருடம் நோய் எலும்புக்குப் போய், ராத்தா மௌத்தாகிவிட்டார். அந்தப் பத்து நாள் நின்றதால்தானா என்று டொக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்லமுடியாது என்றார். வேறு மாதிரிச் சுற்றி வளைத்தும் கேட்டேன். அதே பதில்தான். கமரா பார்த்திருந்தாலும் புண் வந்திருக்கலாம் என்றும் சொன்னார், நல்ல மனிதர். ஆனால் ராத்தா வாயைத் திறக்காமல் வெந்துகொண்டிருந்த நாட்களை நோயின் தலையில் கட்ட என்னால் முடியவில்லை. அவை என் கணக்கில்தான்.

இப்போது மனைவியையோ ராத்தாவின் மகளையோ டொக்டரிடம் கூட்டிப்போனால், அவர் என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார், நான் "அவவிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆவதில்லை, அந்த அரை நிமிடத்தைத்தான் ராத்தாவுக்கு நான் கொடுக்கவில்லை.