மிளகாயின் முதல் நன்றி

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் மிளகாய். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். அதற்கும் திட்டு வாங்குவோம். பக்கத்து இருக்கை என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு.

ஒரே கணினிக்குள் பல கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல் செய்யும் மென்பொருள் எங்களுடையது. அவற்றுக்கு நினைவகத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் பகுதி மிளகாய் எழுதியது. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்க மாட்டார்கள். அதில் ஒரு வரியைத் தொட்டால் அலுவலகமே ரெண்டுபட்டுவிடும்.

அந்த மென்பொருளை யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட நிர்வாகம் முடிவு செய்தது. எங்கள் குழுத்தலைவி ஒரே ஒரு விதி போட்டார். வெளியிலிருந்து வரும் எந்தப் புகாருக்கும் பொதுப் பக்கத்திலேயே பதில் எழுத வேண்டும். முதல் வார்த்தை நன்றி. யாராவது எரிந்து விழுந்தால் அவர் எழுதிய பகுதி வேறு கைக்குப் போய்விடும். இதைச் சொல்லும்போது யாரைப் பார்த்தார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

முதல் புகாரே மிளகாய்க்குத்தான் வந்தது. மென்பொருளுக்குள் நான்காவது கணினியைத் திறந்தால் எல்லாமே நின்றுவிடுகிறதாம். ஏதோ சூடாகத் தட்டினாள், அழித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்லி, எந்த இயந்திரம் என்று கேட்டாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் பழைய மடிக்கணினி, மூலை உடைந்தது, மனைவி கொடுத்தது என்று பதில் வந்தது.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அது அவளே கொடுத்த மடிக்கணினி. புகார் எழுதியவர் கணினி வாத்தியாரான அவள் கணவர். வீட்டில் இதையே சொல்லிப் பார்த்திருக்கிறார். நீங்கள்தான் ஏதோ தப்பாகச் செய்திருப்பீர்கள் என்று இவள் வாயை அடைத்திருக்கிறாள். இங்கே எழுதினால் பதில் வந்தே தீரும் என்று மனுஷன் கண்டுபிடித்துவிட்டார்.

இன்றோடு அந்தப் பகுதி போயிற்று என்றே நினைத்தேன். நாற்காலியைக்கூடச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். மிளகாயோ தன் நிரலைத் திறந்து வரி வரியாக வாசித்தாள். கோட்டை விட்டது அவள்தான். இவ்வளவு குறைந்த நினைவகம் உள்ள கணினியை அவள் யோசிக்கவே இல்லை. பிறகு பொதுப் பக்கத்தில் எழுதினாள்: "நன்றி. தவறு என்னுடையது. இன்றே சரிசெய்கிறேன்."

பின்னால் வந்து நின்ற குழுத்தலைவி, உன் பகுதி உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கே கண் கலங்கிவிட்டது, போங்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் கைபேசி அடித்தது. வாத்தியார் குரல், என் இருக்கை வரை கேட்டது.

"கல்யாணம் ஆனதுலேருந்து இப்பதான் தப்பு உன்னுதுன்னு சொல்லிருக்க. அதை அழிச்சிடாதம்மா."

"அழிக்க மாட்டேன். இனிமே எதுன்னாலும் வீட்டுலயே சொல்லுங்க. கேக்குறேன்."

"ஹலோ, யாரு பேசுறது?" என்றார் வாத்தியார். ராங் நம்பரோ என்று சந்தேகம் வந்திருக்கும், பாவம்.