கல்யாணப் புடவையும் என் தொப்பையும்

நான் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவன். மனைவியோடு சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போனபோது, சம்பந்தி எடுத்த படத்தில் என் தொப்பை மட்டுமே தெரிந்தது. திரும்பும் நாளில் விமான நிலையத்தில் இன்னொரு படம் என்றார்கள். யாருக்கும் தெரியாமல் மனைவியின் கல்யாணப் புடவையை வயிற்றில் இறுக்கிச் சுற்றி, மேலே சட்டை போட்டுக்கொண்டேன்.

படம் நன்றாகவே வந்தது. ஆனால் சோதனைக் கருவி கத்தியது. ஜரிகையில் வெள்ளி இருப்பது, முப்பது வருடம் நெய்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடத்தல்காரன் என்று உள்ளே போட்டுவிடுவார்கள், இனி ஊரைப் பார்க்கப்போவதில்லை என்றே நினைத்தேன். சட்டையைத் தூக்கச் சொன்னார்கள்.

“காலையிலேர்ந்து தேடிக்கினு இருக்கேன், என் புடவை இங்கயாங்க இருக்குது?” என்றாள் மனைவி.

“தொப்பைய மறைக்கத்தான்மா,” என்றேன், அழாத குறையாக.

தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் சிரித்துவிட்டார். “அவுத்துட்டு ஓடுங்கண்ணே, பிளேன் கிளம்பப் போகுது.”

வரிசையே பார்க்க அவிழ்த்தேன். ஆறு கஜமும் என் இடுப்புக்கு நாலே சுற்றுதான்.

இப்போதெல்லாம் பயணத்துக்குத் தொளதொளச் சட்டைதான். படத்துக்குத் தொப்பையோடுதான் நிற்கிறேன். ஆனாலும் கிளம்பும்முன் மனைவி பீரோவைப் பூட்டிவிட்டு, என் வயிற்றையும் ஒருமுறை தட்டிப் பார்க்கிறாள்.