மாமா வாங்கி வந்த தோட்டா

திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டத்தில் நான் செடிகளுக்குத் தண்ணீர் விடும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. போன வாரம் அங்கே, கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இரண்டு பையன்கள் காட்டுப்பன்றி சுடுவதைப் பற்றி வாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஊர்ப்பக்கம் பன்றி பெருகிவிட்டதாம், பஞ்சாயத்தே ஆள் வைத்துச் சுடுகிறதாம். தானாகத் தோட்டா ஏறுகிற துப்பாக்கிக்குப் பெரிய தோட்டாதான் சரி என்று ஒருவன் கைபேசியைப் பார்த்துச் சொன்னான். மற்றவன் அதெல்லாம் இல்லை என்றான். அந்த விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் பழக்கமில்லாதவர்களிடம் பேச எனக்கு இன்றைக்கும் வாய் வராது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர்களிடம் சொல்லாததை எழுதிப் பார்க்கிறேன்.

போனக்காடு என்ற ஊருக்கு அடுத்த மலையில் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம். கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பாதான் தோட்டத்தின் துப்பாக்கிக்காரர். துப்பாக்கி அவருடையது அல்ல, தோட்டத்துடையது. வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது என்பார்கள். அதை நாங்கள் அஞ்சுவெடி என்று சொல்லுவோம். ஐந்து தோட்டாக்களை உள்ளே போட்டுவிட்டால் போதும். ஒன்று வெடித்ததும் காலி உறையைத் தானே வெளியே தள்ளிவிட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் இடிக்கும் அல்லவா, அந்த இடியின் விசையில்தான் அத்தனையும் நடக்கும். சுடுகிறவனின் தோளில் எவ்வளவு இடிக்கிறதோ அவ்வளவு நன்றாக அது வேலை செய்யும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. துப்பாக்கி முன்னால் மட்டும்தான் அடிக்கும் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷம், ஆடி மழையில் அப்பா பாறைப் படியில் வழுக்கி விழுந்தார். வலது தோளோரம் காறை எலும்பு ஒடிந்துவிட்டது. விதுரையிலிருந்து வைத்தியர் வந்து பச்சிலை வைத்துக் கட்டினார். எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் ஒரு வருஷத்துக்கு அந்த இடத்தில் பலமாக ஒன்றும் இடிக்கக் கூடாது, இடித்தால் கை அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது தோட்டத்தை நடத்திய மலையாளித் துரையிடம் சுளுக்கு என்று சொல்லியிருந்தோம். எலும்பு முறிவு என்று தெரிந்தால் துப்பாக்கி வேறு கைக்குப் போய்விடும். அப்பாவைத் தேயிலைக்கு மருந்தடிக்க அனுப்புவார்கள். மருந்து டப்பாவும் அதே தோளில்தான் தொங்க வேண்டும். அதையும் முடியாது என்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அப்பா உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர் இல்லை, அதுவும் மச்சினன் சம்பாத்தியத்தில்.

அந்த மச்சினன்தான் என் மாமா, அம்மாவின் தம்பி. துரையின் பங்களாவுக்குத் தபால் எடுத்து வருவதும், டவுனில் சாமான் வாங்கி வருவதும் அவர் வேலை. ஆனால் உயிரெல்லாம் அந்த அஞ்சுவெடி மேல்தான். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து தையல் மிஷின் எண்ணெய் போட்டு அதைத் துடைப்பார். தோட்டா போட்டு அப்பா கையில் கொடுப்பதும் அவர்தான். துப்பாக்கி லைசென்ஸில் அப்பா பெயருக்கு அடுத்து அவர் பெயர் இருந்தது. அப்பாவுக்குப் பின் அது அவர் கைக்கு வரும் என்று லயம் முழுக்கப் பேச்சு. மாமாவும் இல்லை என்று சொன்னதில்லை. கண்ணாடி முன்னால் நின்று விறகுக்கட்டையைத் தோளில் வைத்துப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு அவர் பெரிய வீரர்.

மழை விட்டதும் பன்றிகள் இறங்கின. லயத்து மரச்சீனிக் கிழங்கைக் கிளறியவரை துரைக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் பங்களா முட்டைக்கோஸ் பாத்தியை உழுதுவிட்டுப் போனதும் தெரிந்துவிட்டது. கையிருப்பில் தோட்டா இல்லை. அந்த வருஷத்துக்கான தோட்டா முழுவதையும் வாங்கி வரச் சொல்லி, துரை மாமாவிடம் சீட்டும் லைசென்ஸும் கொடுத்தார். ஒற்றைக் குண்டுத் தோட்டாதான் வேண்டும், பன்றி நின்ற இடத்தில் விழ வேண்டும் என்றார்.

அன்று அம்மா மாமாவிடம் அடுப்படியில் வைத்து ஏதோ சொல்லி அழுதாள். மாமா சமாதானம் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

"நீ சும்மா கிட அக்கா. அத்தானுக்கு ஒண்ணும் வராது கேட்டியா."

மறுநாள் என்னையும் கூட்டிப் போனார். அதுதான் நான் முதல் தடவை திருவனந்தபுரம் பார்த்தது. பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். கிழக்கேகோட்டையில் இறங்கி, பழவங்காடிப் பிள்ளையார் கோவிலைத் தாண்டி, ஒரு சந்துக்குள் இருந்த துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதானவர், மலையாளி. எங்களோடு தமிழ் கலந்து பேசினார். துரையின் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, மேஜைக் கண்ணாடி மேல் மூன்று தோட்டாக்களை நிறுத்தி வைத்தார். மூன்றும் சிவப்பு, மூன்றுக்கும் பித்தளை அடி. மேலே எழுதியிருந்த எழுத்து மட்டும் வேறு.

"இது ஒற்றைக் குண்டு. பன்னிக்கும் மேலே உள்ளதுக்கும். இது பட்டாணி போல உள்ளது, ஒரு கைப்பிடி இருக்கும். இது கடுகு மாதிரி. கொக்கு, காடைக்கு" என்றார்.

மாமா ஒற்றைக் குண்டைக் கையில் எடுத்து எடை பார்த்தார். என் கையிலும் கொடுத்தார். நல்ல கனம். அதை வைத்துக்கொண்டிருக்கும்போது நானே பன்றியைச் சுட்டதுபோல் இருந்தது.

"சேட்டா, இது தோளில நல்லா இடிக்குமா?" என்று மாமா கேட்டார்.

"இடிக்காதே பின்னே? நல்ல சவிட்டு கிட்டும். குதிரை உதைக்கிறதுபோல."

"அந்தக் கடுகு?"

"அதுக்கு அத்தற இல்லை. ஆனா நிங்ஙட தோக்குக்கு அது வேண்டாம். அந்தத் துப்பாக்கிக்கு நல்ல இடி கிட்டினாத்தான் அடுத்தது கேறும். இது ஒண்ணு பொட்டும், காலி உறை அங்கேயே மாட்டி நிக்கும். கை வச்சு இழுத்து எடுக்கணும். அதுவரைக்கும் பன்னி காத்து நிக்குமா?" என்று சொல்லி அவரே சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. "லைசென்ஸுல எழுதிட்டா பிறகு மாத்தித் தருவீங்களா?"

"எழுதினா எழுதியதுதான். இனி அடுத்த வருஷம்."

மாமா தோட்டாக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஒரு தேங்காய் உடைச்சிட்டு வந்துருதேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கோவில் வாசலில் ஒரு தேங்காய் வாங்கினார். அந்தக் கோவிலில் தேங்காயை ஓங்கி எறிந்து உடைப்பார்கள். சுற்றிலும் படபடவென்று உடைந்துகொண்டிருந்தது. மாமா மட்டும் தேங்காயை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, பின்னால் வருகிறவர்கள் முணுமுணுக்கிற அளவுக்கு நின்றார்.

"ஏ அண்ணே, உடைக்கதுன்னா உடைச்சிருங்க, இல்லாட்டி வழி விடுங்க" என்றார் ஒருவர்.

மாமா எறிந்தார். சில்லுச் சில்லாகப் போயிற்று.

"என்ன மாமா வேண்டிக்கிட்டீங்க?"

"எது வாங்கணும்னு கேட்டேன் மருமவனே."

"சொன்னாரா?"

"சொல்லிட்டாரு."

கடைக்குத் திரும்பியதும் கடுகுத் தோட்டாவை எடுக்கச் சொன்னார். கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, அதே தோட்டாவையே கேட்டார். லைசென்ஸில் எழுதி முத்திரை குத்தும் வரை அந்த முத்திரைக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை பெரிய ஊரின் பிள்ளையாருக்குத் துப்பாக்கி விஷயம் ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்தேன். விஷயம் தெரிந்த கடைக்காரர் சொன்னதை விட்டுவிட்டு அவரைப் போய்க் கேட்ட மாமா மீதும் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

இரண்டு நாள் கழித்து, விடியும் நேரத்தில் பன்றி பங்களாத் தோட்டத்தில் நிற்கிறது என்று ஆள் வந்தது. நானும் பின்னாலேயே ஓடினேன். துரை வராந்தாவில் கம்பளிச் சட்டையோடு நின்றார். லயத்து ஜனங்கள் வேலி ஓரம் கூடிவிட்டார்கள். மாமா குனிந்து, ஒவ்வொன்றாகத் தோட்டாவைத் திணித்து, துப்பாக்கியை அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒற்றைக் குண்டுதான் உள்ளே இருக்கிறது என்று நினைத்துத்தான் வாங்கினார். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. எதிரே கோரைப்பல் நீட்டிய ஆண்பன்றி. பயப்படுகிறார் என்று நினைத்தேன். கட்டையைத் தோளில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சுட்டார். கண்ணை மூடிக்கொண்டு சுட்ட துப்பாக்கிக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

பன்றி துள்ளியது. அதன் பின்புறத்தில் கடுகு பட்டிருக்க வேண்டும். முட்டைக்கோஸைப் பிய்த்தெறிந்துகொண்டு ஓடி, துணி காயப்போட்டிருந்த கொடியில் மாட்டி, துரையம்மாவின் பாவாடை ஒன்றைத் தலையில் போட்டபடி காட்டுக்குள் போய்விட்டது.

"சுடடோ, சுடு!" என்று துரை கத்தினார்.

அப்பா சுடவில்லை. காலி உறை துப்பாக்கியின் பக்கத் துளையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு மாட்டியிருந்தது. ஆனால் அப்பா அதையும் பார்க்கவில்லை, பன்றியையும் பார்க்கவில்லை. இடது கையால் வலது தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். அப்பாவுக்கு அவ்வளவு கோபம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

துரை இறங்கி வந்து உறையைப் பிடுங்கிப் படித்தார்.

"இது எந்தாடோ? கொக்கு சுடுகிற தோட்டாவா? நான் எழுதிக் கொடுத்தது என்ன, நீ வாங்கியது என்ன?"

"சீட்டு மழையில நனைஞ்சு போச்சு தொரை. நானா மாத்திச் சொல்லிட்டேன்" என்றார் மாமா.

சீட்டு நனையவே இல்லை. அன்று மழையே இல்லை. வேலி ஓரத்தில் சிரிப்பு எழுந்தது. காடைக்காரன் என்று எவளோ ஒருத்தி சொல்ல, இன்னும் சிரித்தார்கள். அந்தப் பெயர் மாமாவுக்கு அப்படியே நிலைத்துவிட்டது.

துரை திடீரென்று என் பக்கம் திரும்பினார். "நீயும் கூடப் போனதல்லே? கடைக்காரன் ஒண்ணும் சொல்லலியா? சொல்லாமல் ஏமாத்திக் கொடுத்திருந்தா நான் விடமாட்டேன். திருப்பி எடுக்க வைப்பேன். சொல்லு."

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. குதிரை சவிட்டு, மாட்டி நிற்கும் உறை, தேங்காய், பிள்ளையார், எல்லாம் வரிசையாகத் தொண்டை வரை வந்து நின்றன. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்கும்போது பதில் தெரிந்தும் நான் நிற்பது வழக்கம், அதேபோல நின்றேன். அவ்வளவு பெரிய மனிதர் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டால் எனக்கு எப்படி வாய் வரும்? அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மாமா என்னைப் பார்க்கவே இல்லை.

துரைக்குப் பொறுமை போயிற்று. "மாமன்போல மருமகன்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். உள்ளேயிருந்து லைசென்ஸை எடுத்து வரச் செய்து, அதில் மாமா பெயரை நீக்க ஆபீசுக்கு எழுதும்படி கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். தோட்டா எது என்று தெரியாதவன் இனித் துப்பாக்கியைத் தொடக் கூடாது, துடைக்கவும் கூடாது என்றார். மாமா, "சரி தொரை" என்றார். அப்பாவிடம், இந்த வருஷம் முழுக்க இந்தக் காடைத் தோட்டாவை வைத்துச் சத்தம் போட்டுப் பன்றியை விரட்டு, வேறு வழியில்லை என்றார். அப்பாவும் "சரி தொரை" என்றார்.

திரும்பி வரும்போது மாமா என்னைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். தூக்குகிற வயதை நான் தாண்டிவிட்டிருந்தேன். "என் மருமவன் கெட்டிக்காரன்லா. வாயைத் தொறக்கலியே" என்று வழியெல்லாம் சொன்னார். வாயைத் திறக்காததற்கு என்னை ஒருவர் புகழ்ந்தது அன்று ஒரு நாள்தான்.

"வெக்கமா இல்லையா மாமா?" என்று மேலேயிருந்து கேட்டேன்.

"வயிறு பசிக்கு மருமவனே" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா தனியாக உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்தார். மாமா எதிரே, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் போட வேண்டிய இடம் ஒன்றை அப்பா விட்டபோது மாமாவின் கை லேசாக எழுந்தது. பிறகு இறங்கிவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தோம். மரச்சீனி, வறுத்த கருவாடு. அம்மா ஆளுக்கு ஒரு துண்டு வைத்தாள். அப்பா தன் துண்டை வலது கையால் எடுத்தார். கையை மெதுவாக நீட்டி அதை மாமாவின் தட்டில் வைத்தார். மச்சினன் தட்டில் அவர் எதையும் எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. மாமா வேண்டாம் என்று சொல்லாமல், தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. துப்பாக்கியும் போய், ஊர்ச் சிரிப்புக்கும் ஆளான ஒரு மடையன் மீது அப்பாவுக்கு இரக்கம் வந்திருக்கிறது. எனக்கும் வந்தது. என் துண்டில் பாதியைக் கடித்துத் தின்றுவிட்டு, மீதியை மாமா தட்டில் வைத்தேன்.