ஒரு கோட்டில் நிற்காத ஐந்து புள்ளிகள்

1998 ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை. மூன்று நாற்பதுக்கு எழுந்தேன். குளித்தேன், வலது முட்டியில் தைலம் தேய்த்தேன், நான்கு இருபதுக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர் கூண்டைத் திறந்தேன். நான்கு ஐம்பதுக்கு நிலக்கோட்டை வண்டி, ஐந்து ஐந்துக்குக் கொடைரோடு வண்டி என்று எட்டரை மணி வரை வரவும் புறப்பாடும் பதிந்தேன். பிறகு கூண்டை மாற்று ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு எழுதப் போனேன். அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று.

நான் நடத்துநராகப் பதினேழு வருடம் நின்றே வேலை பார்த்தவன். எட்டாம் வகுப்பே போதும் என்றிருந்த காலத்தில் சேர்ந்தேன். முட்டி தேய்ந்த பிறகு, தற்காலிகமாக என்று சொல்லிக் கூண்டில் உட்கார வைத்தார்கள். அதில் நிலைக்க வேண்டுமானால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். ஜூலைக்குள் காட்டாவிட்டால் மறுபடி வண்டியில் ஏற வேண்டும். மற்ற பாடங்களில் தேறிவிட்டேன். கணிதத்தில் முதல் முறை இருபத்தெட்டு, இரண்டாம் முறை முப்பத்தொன்று. தேவை முப்பத்தைந்து.

கிளம்பும்போது பழனி வண்டி ஓட்டுநர் கூண்டுக்குள் தலையை நீட்டினார். ஒட்டன்சத்திரத்துக்காரர்.

“ஏனுங்க, இன்னைக்குக் கணக்குப் பரிட்சைங்களாமா? எம் பொண்ணும் இன்னைக்குத்தானுங்க எழுதுது. பக்கத்துல உக்காந்தா உங்களுக்குக் கொஞ்சம் காட்டச் சொல்லட்டுங்களா?”

“அது என்னயப் பாத்து எழுதாம இருந்தாச் சரி,” என்றேன். சிரிப்பு வரவில்லை.

நேர்கோட்டுச் சமன்பாடு எனக்குப் பிடித்த பாடம். சத்துணவு அமைப்பாளராக இருந்த என் மனைவிதான் சொல்லிக்கொடுத்தாள். y = mx + c. “வண்டி மணிக்கு எம்புட்டுத் தூரம் போகுதோ அது m. நீங்க கடிகாரத்தப் பாக்க ஆரம்பிக்கும்போதே வண்டி எம்புட்டுத் தூரம் தாண்டியிருக்கோ அது c. இம்புட்டுத்தான், இதுக்கு ஏன் முழிக்கிறீக?” என்றாள். அன்றிலிருந்து எந்தக் கோட்டைப் பார்த்தாலும் எனக்கு ஒரு வண்டி தெரிந்தது. வரைபடத்துக்குப் பத்து மதிப்பெண். அதை விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியது. பன்னிரண்டரைக்கு முடியும். பதினொன்று ஐம்பதுக்குள் தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டு, உறுதியானவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தேன். இருபத்தேழு வந்தது. மீதி வரைபடத்தில்தான் கிடைக்க வேண்டும். கேள்வித்தாளைத் திருப்பினால் பேருந்து. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு பேருந்தின் நேரம், தூரம் ஆகியவற்றுக்கான சமன்பாட்டை எழுதி வரைபடம் வரைக. அட்டவணையில் நேரம் 0.5, 1, 1.5, 2, 2.5 என்று கொடுத்திருந்தார்கள்.

மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். y = 40x என்று எழுதினேன். மளமளவென்று தூரத்தை நிரப்பினேன். 33, 40, 73, 80, 113. பெருக்கிப் பார்க்கவில்லை. வண்டி எத்தனை நிமிடத்தில் எங்கே நிற்கும் என்பது எனக்கு மனக்கணக்கு. அச்சுகளை வரைந்தேன், ஐந்து புள்ளிகளையும் வைத்தேன், அளவுகோலை எடுத்து வைத்தேன்.

அளவுகோல் இரண்டு புள்ளிகளைத் தொட்டது. மற்ற மூன்றும் மேலே நின்றன. நகர்த்தி வைத்தேன். அந்த மூன்றும் சேர்ந்தன, முதலில் தொட்ட இரண்டும் விலகின. படிக்கட்டு மாதிரி இருந்தது.

மணி பன்னிரண்டு ஐந்து. முதலில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொன்னேன். எந்த வண்டிதான் நேராக ஓடுகிறது? செம்பட்டியில் ஆள் ஏற்ற நிற்கும், வத்தலக்குண்டில் டீக்கு நிற்கும். நின்றால் கோடு படுக்கத்தானே செய்யும்? புள்ளிகளை அப்படியே வளைத்து இணைக்கப் பேனாவை வைக்கப் போனேன். ஆனால் சமன்பாட்டில் x வெறும் x. அது வளையக் கூடாது. கோடு நேராக வரவில்லை என்றால் தப்பு வண்டியில் இல்லை, என்னிடம்.

அட்டவணையை மறுபடி பார்த்தேன். முதல் 0.5-க்கு 33 கிலோமீட்டர். அடுத்த 0.5-க்கு 7 மட்டும். பன்னிரண்டு பத்து. எங்கள் பதிவேட்டில் நேரத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் டீசல் எழுதுவோம். 12.5 என்று நானே தினமும் எழுதுகிறேன். அதைப் பன்னிரண்டரை லிட்டர் என்றுதான் படிக்கிறேன். அதே கையால் பக்கத்தில் 4.50 என்று எழுதி நான்கு மணி ஐம்பது நிமிடம் என்று படிக்கிறேன். இங்கே 0.5 மணி என்பதைப் பார்த்ததும் ஐம்பது நிமிடம் என்று எடுத்துவிட்டேன். அது அரை மணி. தூரம் 20. ஒன்றரை மணிக்கு 60. இரண்டரைக்கு 100.

அழித்துவிட்டு வைக்கலாம் என்றால் முடியாது. எல்லாப் புள்ளிகளும் பேனாவில் இருந்தன. பதிவேட்டில் பென்சிலால் எழுதினால் விளக்கம் கேட்டு ஓலை வரும். அதனால் என் சட்டைப் பையில் பென்சில் இருந்ததே இல்லை. எழுந்து இன்னொரு வரைபடத்தாள் கேட்டேன். கண்காணிப்பாளர் முப்பது வயதுகூட இருக்காத ஆசிரியை.

“இந்த ஹால்ல தீந்துபோச்சு சார். ஆபீஸ்லருந்துதான் வரணும். உக்காருங்க.”

“டைம் இல்லம்மா.”

“நீங்க நின்னா மட்டும் வந்துருமா? உக்காருங்க சார்.”

பன்னிரண்டு பதினெட்டு. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும், கடந்து போய்விடும். வண்டி தாமதமானால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று சிவப்பில் குறிக்கிறவன் நான். அந்த ஏழு நிமிடம் போல எந்த நிமிடத்தையும் நான் எண்ணியதில்லை. பன்னிரண்டு இருபத்தைந்துக்குத் தாள் வந்தது.

பழைய தாளைக் குறுக்கே அடித்தேன். அச்சு, அளவுத்திட்டம், ஐந்து புள்ளிகள். மறுபடியும் பேனாதான், வேறு வழியில்லை. அளவுகோலை வைத்தேன். ஐந்தும் விளிம்பில் உட்கார்ந்தன. கோட்டை இழுத்து, y = 40x என்று அதன் மேல் எழுதி, நூலால் கட்டும்போது மணி அடித்தது.

வீட்டில் மனைவி கேள்வித்தாளைப் பிடுங்கிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன்.

“பேனாவுலயா வரைஞ்சீக?”

“ம்.”

“மார்க்கைக் குறைப்பாங்க.”

“எம்புட்டு?”

“திருத்துறவங்க மனசு. ரெண்டு போனாலும் முப்பத்தஞ்சு.” கேள்வித்தாளை மடித்து வைத்தாள். “மூணு போனா வண்டிதான்.”

அன்று ஒன்பதரைக்குப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஜூன் வரை அந்த மூன்றாவது மதிப்பெண் எங்கள் வீட்டில் பேச்சாகவே இருந்தது. முடிவில் வந்தது முப்பத்தாறு. எங்கே குறைத்தார்கள், எங்கே கூட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அது பிறகு நடந்தது. மறுநாள், புதன்கிழமை, நான்கு இருபதுக்குக் கூண்டைத் திறந்தேன். முதல் வண்டி வருவதற்கு முன், பதிவேட்டில் ‘நேரம்’ என்று அச்சடித்திருந்த தலைப்புக்குக் கீழே ‘மணி, நிமிடம்’ என்று பேனாவால் எழுதினேன்.