மாமியார் கத்தினால் ஊசியா?

அந்தத் தையல் ஆலையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாமியார் இருந்தாள். இரும்பு உடம்பு, ரப்பர் நாக்கு. தைத்து முடித்த கால்சட்டையை நாக்கில் வைத்தால் உள்ளே இழுத்து மறுபக்கம் துப்புவாள். துணிக்குள் உடைந்த ஊசித் துண்டு ஒளிந்திருந்தால் 'கீ' என்று கத்தி நின்றுவிடுவாள். துண்டு இல்லாத துணிக்கும் சில சமயம் அதே 'கீ' வரும். காரணம் இருந்தாலும் கத்தல், இல்லாவிட்டாலும் கத்தல் என்பதால் டெய்லர்கள் கூடிப் பேசி வைத்த பெயர் அது. இயந்திரத்தோடு வந்த சீட்டில் வேறு ஒரு நீளமான பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

மாமியாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து துணி ஊட்டுகிறவள் கொக்கி. இடுப்புப் பட்டையில் பத்து வருடம் கொக்கி தைத்ததால் வந்த பெயர் என்பார்கள். பாதிதான் உண்மை. யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு கொக்கி போடுவது அவள் பிறவிக் குணம். "நாளைக்கு லீவு" என்றால் "யாருக்கு?" என்பாள். "சம்பளம் ஏறுது" என்றால் "எந்தப் பக்கமா?" என்பாள். கல்லூரியில் இரண்டு வருடம் கணக்குப் படித்தவள். மூன்றாம் வருடம் கல்யாணம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. படிப்பு போனாலும் கணக்கு போகவில்லை, வேண்டாத விருந்தாளி மாதிரி தலைக்குள்ளேயே பாயை விரித்துவிட்டது. அவள் தும்மினால்கூட ஒற்றைப்படையில்தான் தும்முவாள் என்று அவள் கணவன் சத்தியம் செய்வான்.

அதே ஆலையில், ஏழாம் நம்பர் மிஷினில், கொக்கியின் ஓரகத்தி தைத்தாள். கொக்கியின் கணவனுக்குத் தம்பி மனைவி. ஒரே வீடு, ஒரே வாசல், இரண்டு அடுப்பு. இருவரும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. உப்பு தீர்ந்தால் ஒருத்தி சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள், அடுத்தவளும் சுவரைப் பார்த்தே பதில் சொல்லுவாள். சம்பளம் வாங்காமல் இத்தனை வேலை பார்த்த சுவர் உலகத்தில் வேறு இருக்காது. எல்லாம் ஒரு குடையால் வந்தது. குடை காணாமல் போன அன்று வீட்டில் இருந்தவள் ஓரகத்திதான். கொக்கி அவளை ஒரு பார்வை பார்த்தாள், ஒரு வார்த்தை சொன்னாள். அத்தோடு முடிந்தது.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார். அந்த மாதம் யார் தைத்த துணிக்கு மாமியார் அதிக முறை கத்தினாளோ, அவர்களுக்கு அன்றோடு வேலை இல்லை. கீழே பட்டியல். மற்றவர்கள் பெயருக்கு நேரே ஐந்து, ஆறு. ஓரகத்தி பெயருக்கு நேரே பன்னிரண்டு.

ஓரகத்தி தன் கத்தரியை உறையில் போட்டாள். வீட்டில் அவள் கணவனுக்கு நான்கு மாதமாக வேலை இல்லை என்பது அந்தக் கூடத்தில் கொக்கிக்கு மட்டும்தான் தெரியும். சுவர் சொல்லியிருந்தது.

"சார், ஒரு சந்தேகம்" என்று கொக்கி எழுந்தாள்.

கூடமே பெருமூச்சு விட்டது. சூப்பர்வைசர், "ஆரம்பிச்சாச்சா?" என்று தலையில் கை வைத்தார்.

"இதுல என்னம்மா சந்தேகம்?" என்றார் மேனேஜர். "மெஷின் நூத்துக்குத் தொண்ணூறு கரெக்ட். சீட்டுலயே போட்டிருக்கு. பன்னெண்டு தடவை கத்தினா பத்து, பதினோரு ஊசியாவது உள்ள இருக்கும். வெளிநாட்டுக்காரன் இடுப்புல குத்தினா யார் பதில் சொல்றது?"

"சீட்டுல அப்படிப் போடலையே. துணியில ஊசி இருந்தா நூத்துக்குத் தொண்ணூறு தடவை கத்தும்னு போட்டிருக்கு."

"அதைத்தான நானும் சொல்றேன்."

"இல்ல சார். கத்தினா நூத்துக்குத் தொண்ணூறு ஊசின்னு நீங்க சொல்றீங்க. பால் வெள்ளையா இருக்கும். அதுக்காக வெள்ளையா இருக்கறதெல்லாம் பாலா? சுண்ணாம்பும் வெள்ளைதான். ஒரு டம்ளர் கலக்கித் தரவா?"

பின் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

கொக்கி வெட்டு மேசைக்குப் போனாள். அதன்மேல் விரித்திருந்த பழுப்புக் காகிதத்தில் டெய்லர் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள். "இது அடிமரம். ஒரு மாசத்துக்குப் பத்தாயிரம் உருப்படி." புள்ளியிலிருந்து இரண்டு கிளை இழுத்தாள். "போன மாச ஊசிப் பதிவேட்டுல உடைஞ்சு நுனி கிடைக்காத ஊசி பத்து. ஆக, இந்தக் கிளையில பத்து உருப்படி, உள்ள ஊசி இருக்கு. அந்தக் கிளையில ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, சுத்தம்."

ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிரிந்தது. "பத்துல ஒம்பதுக்குக் கத்துவா, ஒண்ணைக் கோட்டை விடுவா. சுத்தமான துணிக்குக் கத்தவே மாட்டாளா? நூத்துக்கு ரெண்டு தடவை கத்துவா. அதுவும் சீட்டுல இருக்கு, பொடி எழுத்துல. ஒம்பதாயிரத்துச் சொச்சத்துல நூத்துக்கு ரெண்டுன்னா எவ்வளவு சார்?"

மேனேஜர் உதடு அசைந்தது. "இருநூறு."

"மொத்தம் எத்தனை கத்தல்? ஒம்பதும் இருநூறும். அதுல நிஜ ஊசி?"

"ஒம்பது" என்றது கூடம், ஒரே குரலில்.

"நூறு தடவை கத்தினா நாலு தடவைதான் ஊசி. மிச்சமெல்லாம் தொண்டைக் கொழுப்பு." இந்தக் கணக்குக்குப் புத்தகத்தில் நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர், கேட்டால் வக்கீல் வீட்டுப் பத்திரம் மாதிரி இருக்கும். கொக்கி அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "இன்னொண்ணு. ஏழாம் நம்பர் மத்தவங்க ஒண்ணு தைக்கிற நேரத்துல ரெண்டு தைக்குது. ரெண்டு பங்கு துணி போனா ரெண்டு பங்கு கத்தத்தான செய்யும்? வேகமாத் தைன்னு நீங்கதான் போன வருஷம் கைதட்டினீங்க."

மேனேஜர் முகம் சிவந்தது. கத்தல் வாங்கிய துணிகள் ஒரு சிவப்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். மாதக் கடைசியில் பிரித்துப் பார்க்காமலே அழித்துவிடுவார்கள். அவர் சாவியை எடுத்து மேசைமேல் போட்டார். "சரி. பன்னெண்டையும் பிரிப்போம். ஒரே ஒரு ஊசி இருந்தாலும் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும். சம்மதமா?"

"சம்மதமில்ல" என்றாள் கொக்கி. "ஒண்ணுகூட இருக்காதுன்னு நான் எப்ப சொன்னேன்? பன்னெண்டுல ஒண்ணாவது இருக்க நூத்துக்கு நாப்பது வாய்ப்பு இருக்கு."

"பின்ன எதுக்கும்மா இவ்வளவு சத்தம்?"

"ஒண்ணு இருக்கலாம்கிறதுக்காகப் பன்னெண்டையும் ஒருத்தி தலையில கட்டறீங்களே, அதுக்கு. பந்தயம் கட்ட நான் வரலை சார். பிரிங்க, இருக்கறதை இருக்கறபடி பாப்போம்."

நான்கு டெய்லர்கள் தையலைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மடிப்பின் மேலும் காந்தம் ஊர்ந்தது. ஒன்றில் இல்லை, இரண்டில் இல்லை. எட்டு வரை ஒன்றும் இல்லை. ஒன்பதாவதில் காந்தத்தின் நுனியில் அரை அரிசி அளவுக்கு ஏதோ மினுங்கியது.

"பாத்தியா!" என்று மேனேஜர் மேசையைத் தட்டினார். சாக்பீஸ் மரம் ஒரு தடவை குலுங்கியது.

கணக்கு கொக்கியை ஏமாற்றவில்லை, வரலாம் என்று சொல்லித்தான் வந்தது. ஆனால் வந்தபின் கணக்கு பக்கத்தில் நின்று தோள் கொடுக்காது என்பது அப்போதுதான் புரிந்தது. இருந்தும் அவள் உட்காரவில்லை. "மிச்சம் மூணையும் பிரிங்க" என்றாள்.

மூன்றிலும் இல்லை. பன்னிரண்டில் ஒன்று.

அப்போது ஓரகத்தி நடந்து போய் ஊசிப் பதிவேட்டை எடுத்து வந்தாள். அந்த ஆலையில் ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கிப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். அவள் ஒரு பக்கத்தைத் திறந்து மேனேஜர் முன்னால் வைத்தாள். பதினான்காம் தேதி, ஏழாம் நம்பர் மிஷின். ஒட்டுத்தாளுக்கு அடியில் நுனியில்லாத ஊசி. பக்கத்தில் அவள் கையெழுத்து: 'நுனி கிடைக்கவில்லை. மிஷினை நிறுத்தித் தேடலாமா?' அதற்குக் கீழே சூப்பர்வைசரின் பதில், கையொப்பத்தோடு, ஒரே சொல்: 'ஓட்டவும்.'

மேனேஜர் அரை அரிசியை எடுத்து அந்த ஊசியின் முனையில் வைத்தார். கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டி திரும்பி வந்த மாதிரி ஒட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் கூரையில் ஓடாத ஒரு மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன பண்ணலாம் சார்?" என்றாள் கொக்கி. "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா? அவ சொன்னா, எழுதினா, நிறுத்தவான்னு கேட்டா. ஓட்டச் சொன்னவருக்கும் ஒரு பட்டியல் ஒட்டுவீங்களா?"

மேனேஜர் பலகைக்குப் போய்க் காகிதத்தை இழுத்தார். பாதிதான் வந்தது. மீதியைக் கொக்கி நகத்தால் சுரண்டி எடுத்தாள். "இனிமே கத்தின துணியை அன்னிக்கே பிரிச்சுப் பாத்துடணும்" என்றார் அவர், அது தனக்கே தோன்றிய யோசனை மாதிரி.

மாலையில் இருவரும் வழக்கம்போல் ஒரே தெருவில், பதினாறடி இடைவெளி விட்டு வீட்டுக்கு நடந்தார்கள். மருந்துக்கடை தாண்டியதும் பின்னால் வந்த செருப்புச் சத்தம் வேகமெடுத்தது.

"அக்கா."

ஆறு வருடத்தில் முதல் சொல். கொக்கி நின்றாள். "நன்றியெல்லாம் சொல்லாத. உன்னை அனுப்பிட்டா நான் யாரோட சண்டை போடறது?"

"நன்றி சொல்ல யார் வந்தா? ஒரு கேள்வி கேக்க வந்தேன்." ஓரகத்தி மூச்சு வாங்கினாள். "குடை காணாம போன அன்னிக்கு நான் வீட்டுல இருந்தேன். காணாம போகாத அத்தனை நாளும் வீட்டுலதான இருந்தேன்? அப்ப எனக்கு வேலையே வீட்டுலதான? அதுக்கு ஒரு மரம் போட்டுப் பாத்திருக்கலாமே, கணக்குக்காரி."

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொக்கியின் கழுத்தில் ஒரு கொக்கி விழுந்தது. அவள் தெருவைப் பார்த்தாள், மருந்துக்கடையைப் பார்த்தாள். எந்தப் பக்கமும் வழி இல்லை.

"போட்டிருக்கலாம்" என்றாள் கடைசியில். தலையை மட்டும் தாழ்த்தவில்லை. "அன்னிக்குக் கையில சாக்பீஸ் இல்ல."

ஓரகத்தி தன் பைக்குள் கைவிட்டு ஒரு டெய்லர் சாக்பீஸை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"இப்ப இருக்குல்ல? வா. நமக்காக ஆறு வருஷம் பேசின சுவர் சமையலறையில சும்மாதான் நிக்குது. அதுமேலயே போடு."