ராக்கெட் படம் போட்ட வைஃபை பெட்டி

எங்கள் வீட்டு வைஃபை ரூட்டரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மகள் வேறொன்றைக் காட்டினாள். நேரு வீதிக் கடையில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் காட்டியதில் பெரிதாக எந்த எண்ணும் இல்லை, விலை மட்டும்தான் பெரிதாக இருந்தது. நான் எடுத்ததில் ஒரு ராக்கெட் படம், அதன் வாலில் நெருப்பு, அதற்கு மேல் வேகம் 1200 என்று கொட்டை எழுத்து. விலையோ மற்றதில் பாதிகூட இல்லை.

"அம்மா, இந்த நம்பரெல்லாம் சும்மாம்மா. நம்ம நெட் பிளானே அம்பதுதான்."

"பெட்டி மேல அச்சடிச்சிருக்கான். பொய்யாவா போடுவான்?" என்றேன்.

கடைக்காரருக்கு என் பேச்சு பிடித்துவிட்டது. "மேடம் சொல்றதுதான் கரெக்ட். இந்தக் காலத்துப் பசங்களுக்கு வெல ஜாஸ்தியா இருந்தாதான் நல்ல பொருளு," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

பொய்யாவா போடுவான் என்று கேட்ட நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எமர்ஜென்சி விளக்கு செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பு நான். பி.காம். படித்தவள் என்பதால் அட்டைப்பெட்டியின் மாதிரி அச்சாகி வந்ததும் எழுத்துப்பிழை பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கடையில் நின்றபோது அது என் நினைவுக்கே வரவில்லை. காசு கொடுக்கும் பக்கம் வந்துவிட்டால் நானும் எல்லாரையும் போலத்தான்.

வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அந்த வீதியில் வீட்டுக்கு வீடு தனிச் சுவர் கிடையாது. இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் படம் ஆடும். முன்னாலிருந்து பின்னால்வரை ரயில்பெட்டி மாதிரி நீளம். கடைசி அறை மகளுடையது. கணவருக்குக் காரைக்காலில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார்.

எங்கள் வீதியில் எது வந்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் போகும். குழாயில் தண்ணீர் வராத நாளில் யார் வீட்டில் மோட்டார் இருக்கிறதோ அங்கிருந்து ஓஸ் பைப் மாடியைத் தாண்டும். ரூட்டர் வந்த மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். குப்பத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர்.

"இன்னா தங்கச்சி, புது மிசினு வாங்கிட்டியாமே?"

"ஆயிரத்து இருநூறுக்கா. நம்ம வீதிக்கே போதும்."

"அப்ப எனக்கும் ஒரு கோடு போடு. என் ஊட்டுக்காரரு மேட்சு மேட்சுன்னு உயிர வாங்குறாரு."

பாஸ்வேர்டைச் சொன்னேன். பிறகு எதிர் வீட்டுக்கு, பிறகு மாடியில் குடியிருப்பவர்களுக்கு. மனசுக்குள் கணக்கும் போட்டேன்: நாலு வீட்டுக்குப் பிரித்தாலும் வீட்டுக்கு முந்நூறு. அதற்கப்புறம் அக்கா வீட்டிலிருந்து நெத்திலியும் சங்கராவும் வந்தன. வீதியில் நடந்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அதிகமானார்கள். மகள் மட்டும் கடைசி அறையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். போனில் வேகத்தை அளந்து காட்டினாள். முப்பது, சில சமயம் நாலு. "போன் பழசு," என்றேன்.

அவள் பள்ளியிலிருந்தே பிரெஞ்சு எடுத்தவள். இங்கே நிறைய பிள்ளைகள் மார்க்குக்காக அதை எடுப்பார்கள், பரீட்சையோடு விட்டுவிடுவார்கள். இவளுக்கு அது பிடித்துப்போனது. எங்கள் வீதியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத் தொடர்பால் பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள வீடுகள் உண்டு. நாங்கள் மில் வேலைக்குப் போன குடும்பம், எங்களுக்கு அந்த வழி இல்லை. அவள் படித்துத்தான் போக வேண்டும். பிரான்சில் ஒரு கல்லூரியில் மேல்படிப்புக்கு விண்ணப்பித்து, தாள்களெல்லாம் சரியாகி, வீடியோ நேர்காணல் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதில் தேறினால் இடம்.

"இங்கதான், கதிர்காமத்துல என் ஃப்ரெண்டு வீட்ல போய் உக்காந்துக்கிறேம்மா. அங்க நெட் நிக்கும்."

"நம்ம வீட்ல ஆயிரத்து இருநூற வச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போவியா? யாராவது கேட்டா என்ன சொல்றது?"

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது.

நேர்காணல் மதியத்துக்கு மேல். நான் லீவு போட்டிருந்தேன். காலையிலிருந்தே அவளைவிட எனக்குத்தான் பரபரப்பு. சட்டையை மாற்றச் சொன்னேன், திரும்பவும் மாற்றச் சொன்னேன், பின்னால் சுவரில் தெரிந்த காலண்டரைக் கழற்றினேன். லேப்டாப்பை முன்கூடத்துக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டாள். வாசல் சத்தம் கேட்கும் என்று நான்தான் தடுத்தேன். உட்காருவதற்குக் கொஞ்சம் முன்னால், "அக்கா வீட்லயும் மாடியிலயும் சொல்லிட்டு வாம்மா. அரை மணி நேரம் யாரும் யூஸ் பண்ண வேணாம்," என்றாள்.

போனேன். அக்கா வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. டிவியில் கிரிக்கெட். எதிர் வீட்டுக்காரர்களும் அங்கேதான், தரையெல்லாம் ஆள். அக்கா தட்டில் வறுத்த மீனோடு எழுந்து வந்தார்.

"வா தங்கச்சி, உள்ள வா. எல்லாம் உன் புண்ணியம். நீ போட்ட கோட்டுலதான் பாக்குறோம். யோவ், நகருய்யா, ஓனரம்மா வந்திருக்காங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். வீதிக்கே போதும் என்று சொன்ன வாய். அதே வாயால் நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? "சும்மாதான்க்கா வந்தேன்," என்று சொல்லி, ஒரு துண்டு மீனையும் வாயில் போட்டுக்கொண்டு திரும்பினேன். மாடிக்கு ஏறவேயில்லை.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்."

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். முதலில் நன்றாகத்தான் போனது. அவள் குரல் தெளிவாக, நான் கேட்டறியாத ஒரு நிதானத்தோடு இருந்தது. பிறகு எதிர்முனைக் குரல் அறுந்து அறுந்து வந்தது. எனக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் 'நான் பேசுவது கேட்கிறதா' என்பதற்கு அந்த மொழியில் என்ன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவள் அத்தனை முறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் சின்னதாகியது. கடைசியில் சத்தமே இல்லை. கதவைத் தள்ளிப் பார்த்தேன். திரையில் ஒரு அம்மாள் வாயைப் பாதி திறந்தபடி உறைந்திருந்தார். என் மகள் அந்தப் படத்தைப் பார்த்து இன்னும் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளைக் கட்டிப்பிடித்திருக்கலாம். நான் சொன்னது வேறு. "பயந்துட்ட. பயந்துட்டு நெட் மேல பழி போடாத."

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு, காலண்டரை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினாள். இன்னொரு முறை பேச வாய்ப்புக் கேட்டு அவர்களுக்கு எழுதினாள். மரியாதையாகப் பதில் வந்தது. இடங்கள் நிரம்பிவிட்டன.

அதன் பிறகுதான் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். கடைக்காரரிடம் சண்டை போடத்தான் இறக்கினேன். 1200க்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு நட்சத்திரம் இருந்தது. அதற்கான விளக்கத்தைத் தேட எனக்கு நேரம் ஆகவில்லை. கை நேராக அடி மடிப்புக்குப் போனது. அங்கேதான் இருந்தது, சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில். இரண்டு அலைவரிசைகளின் வேகத்தையும் கூட்டி வந்த எண் அது, ஏட்டுக் கணக்குப்படி அதிகபட்சம், வீட்டில் கிடைக்கும் வேகம் மாறுபடும். இரண்டையும் ஒரே கருவி ஒரே நேரத்தில் பிடிக்காது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மகளின் பழைய லேப்டாப்புக்கு அந்த இரண்டில் வேகம் குறைந்ததுதான் எட்டும், அதுவும் அத்தனை சுவர்களைத் தாண்டி. ரூட்டருக்குப் பின்னால் ஒயர் செருகும் இடமே நூறுக்கு மேல் விடாது. வீட்டுக்குள் வருவதோ, அவள் கடையிலேயே சொன்ன மாதிரி, ஐம்பது. அந்த ஐம்பதைத்தான் நான் ஆயிரத்து இருநூறு என்று வீதிக்குப் பங்கு வைத்திருக்கிறேன்.

நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். 'வாங்குவோரை ஏமாற்றும் விதத்தில்' என்றுவரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எங்கள் விளக்குப் பெட்டியில் '8 மணி நேரம்' என்று மஞ்சளில் பெரிதாக இருக்கும். புது பேட்டரியில், வெளிச்சத்தை ஆகக் குறைத்து வைத்தால் எட்டு. நட்சத்திரத்துக்கான விளக்கத்தை எங்கே போடுவது என்று அச்சகத்துக்காரர் கேட்டபோது, "அடி மடிப்புல போட்டுடுங்க, அங்க யாரு பாக்கப் போறாங்க," என்றது நான்தான். சொல்லிவிட்டு டீ குடித்தோம்.

காகிதத்தைக் கிழித்துவிட்டேன். வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. மாதிரிப் பெட்டிகள் வருகின்றன, கையெழுத்துப் போடுகிறேன். போடும்போது யாரோ பின்னால் நிற்பது போல இருக்கிறது.

போன வாரம் அவளுக்கு வேறொரு கல்லூரியிலிருந்து நேர்காணல் வந்தது. எங்கே உட்காரப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளே, "கதிர்காமம் போறேன்," என்றாள். ஸ்கூட்டியில் கொண்டுவிட்டேன். கரண்ட் போனால் முகம் தெரிய வேண்டுமே என்று எங்கள் கம்பெனி விளக்கு ஒன்றைப் பெட்டியோடு எடுத்துப் போயிருந்தேன். தோழியின் வீட்டு வாசலில் அவள் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எட்டு மணி நேரம் வருமாம்மா?"

"வராது. நல்ல வெளிச்சத்துல வச்சா ரெண்டு மணி நேரம் நிக்கும்." சொன்னதோடு சேர்த்து மிச்சத்தையும் சொன்னேன். "அன்னிக்கு அக்கா வீட்ல நான் சொல்லல. சொல்லிட்டேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் விளக்கை வெளியே எடுத்து, காலிப் பெட்டியை என்னிடம் கொடுத்தாள்.

"தெரியும்மா. நான் பேசிக்கினு இருந்தப்ப சுவத்துக்கு அந்தப் பக்கம் மேட்சு ஓடுன சத்தம் கேட்டுச்சு."

உள்ளே போய்விட்டாள். என்னை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் ஸ்டாண்டு போட்டு, ஸ்கூட்டி மேலேயே உட்கார்ந்து, அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் பார்க்கப் போனைக் கையில் எடுத்தவள், எடுத்த கையோடு அதை அணைத்து வைத்தேன். அந்த வீட்டு நெட்டுக்கும் என் போனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அணைத்து வைத்தேன்.